புதுவைக்கு வந்த குவாண்டம் குலங்கள்

1996 ஜனவரி 8 முதல் 26 வரை புதுவைப் பல்கலைக் கழகத்தில் ஒரு கணிதப் பயிற்சிப் பள்ளி நடைபெற்றது. பிரான்சின் நீஸ் நகரிலுள்ள 'சிம்பா' என்னும் பன்னாட்டுக் கணித மையத்தின் பள்ளிகளுள் அது ஒன்று. அங்கு இவெட் கோஸ்மன்-ஷ்வார்ஸ்பாக் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் விளக்கிய இயற்கணிதமே 'குவாண்டம் குலங்க'ளுக்கு அடிப்படை. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். இதன் ஒரு கிளை, நீங்கள் பள்ளியில் பயிலும் பல்லுறுப்புக் கோவைகளில் வேர்விட்டதாகும்.

மூன்று கோவைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது, வெறும் 1. இரண்டாவது, மாறி மட்டும். மூன்றாவது, மாறியின் வர்க்கத்தை மூன்றால் பெருக்கி அதிலிருந்து 1-ஐக் கழித்தது. இவற்றுள் எந்த இரண்டையும் பெருக்கி, −1 முதல் 1 வரை தொகையிட்டுப் பாருங்கள், விடை சுழியே! ஒன்றுக்கொன்று செங்குத்தான திசையன்களைப் போல இவை நடந்துகொள்வதால் 'செங்குத்துக் கோவைகள்' எனப்படுகின்றன. பிரெஞ்சு அறிஞர் லெழாந்தர், 1780-களில் கோள்களின் ஈர்ப்பை ஆராய்ந்தபோது இவ்வரிசையைக் கண்டார். கோளத்தை எப்படித் திருப்பினாலும் கோளமே அல்லவா? அச்சுழற்சிகள் யாவும் சேர்ந்தது ஒரு 'குலம்'. லெழாந்தர் கோவைகள் அதன் சமச்சீர்மையிலிருந்தே பிறக்கின்றன.

1985-ஐ ஒட்டி, சோவியத் நாட்டின் திரின்ஃபெல்டும் ஜப்பானின் ஜிம்போவும் இத்தகைய குலங்களைத் தனித்தனியே சற்று 'வளைத்தனர்'. 'க்யூ' என்ற ஓர் எண் உள்ளே நுழைகிறது. 3 என்பதற்குப் பதில், 1-உடன் க்யூவையும் க்யூவின் வர்க்கத்தையும் கூட்டி எழுதுகிறோம். க்யூ 1 ஆனால் பழைய 3 திரும்பிவிடும். அப்படியானால் லெழாந்தர் கோவைகள் என்னவாகும்? 1980-களின் இறுதியில் நெதர்லாந்தின் கோர்ன்விண்டர் கணக்கிட்டார். வந்த கோவைகளோ புதியவை அல்ல!

அவை ஆங்கிலேயரான எல். ஜே. ராஜர்ஸ் 1893–95-ல் எழுதிய கட்டுரைகளில் கண்ட கோவைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்கட்டுரைகளை அன்று பெரும்பாலோர் கவனிக்கவில்லை, இது வருந்தத்தக்கதே. அவற்றிலேயே இரு முற்றொருமைகளும் நிறுவப்பட்டிருந்தன. இங்கே நம் ராமானுஜன் அவ்விரண்டையும் தாமாகவே கண்டிருந்தார், நிறுவல்தான் கிட்டவில்லை. இங்கிலாந்தில் ஹார்டிக்கும் கிட்டவில்லை. 1917-ல் பழைய இதழ்களைப் புரட்டிய ராமானுஜன், ராஜர்ஸின் கட்டுரையைக் கண்டு வியந்தார். இன்று அவை 'ராஜர்ஸ்–ராமானுஜன் முற்றொருமைகள்' எனப்படுகின்றன. ராயல் சொசைட்டி ராஜர்ஸை உறுப்பினராக்கியது 1924-ல். ராமானுஜன் மறைந்து நான்காண்டுகளுக்குப் பின்.

புதுவை விரிவுரைகள் 1997-ல் நூலாக வெளிவந்தன. 2003 பிப்ரவரியில் இன்னொரு பள்ளியும் புதுவையிலேயே கூடியது.