பழுத்ததா, அழுகியதா?

கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் அருவருப்பான பதிவும்கூட. சாப்பிடும்போது படிக்க வேண்டாம்.

போன செவ்வாய்க்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்திருந்தான். தாங்கித் தாங்கி நடந்தான். பாதத்தில் துணி சுற்றியிருந்தது. "என்னடா இது?" என்றேன். "ஒண்ணுமில்ல டீச்சர், செருப்பு கடிச்சு கட்டி மாதிரி ஆயிடுச்சு. பழுத்து உடைஞ்சா சரியாயிடும்" என்றான். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டேன். "லேசா இருக்கு டீச்சர்." வலிக்கிறதா என்றேன். "வலியே இல்ல!" என்று பெருமையாகச் சொன்னான். பத்திரிகையை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன்.

"எதுக்கு டீச்சர் இவ்வளவு அவசரம்?"

"செப்டிக் ஆயிடும்டா."

"எங்க வீட்டு வாசல்ல மூடி போட்டு வச்சிருக்கோமே, அந்த செப்டிக்கா?" என்று சிரித்தான்.

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் அதே செப்டிக்தான். ஆட்டோவில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் சொற்கள். அகராதியைப் பார்த்தால் 'சீ' என்ற ஒற்றை எழுத்துக்கே சீழ் என்று பொருள் உண்டு. தெலுங்கில் சீமு. கன்னடத்தில் கீவு. நம் செவி அவர்களுக்குக் கிவி ஆவதுபோலத்தான் இதுவும். சொல்லப்போனால் ககரம்தான் மூத்தது. தமிழும் தெலுங்கும் அதைச் சகரமாக மாற்றிக்கொண்டன. மலையாளத்தில் சலம், குமரி மாவட்டத்து உறவினர்களும் "சலம் வச்சிருக்கு" என்றுதான் சொல்வார்கள். வடமொழியில் பூயம். லத்தீனில் பூஸ், அதுதான் ஆங்கில டாக்டர்களின் 'பஸ்'. நாற்றமடிப்பதை ஆங்கிலத்தில் 'ஃபவுல்' என்கிறோமே, அதுவும் அதே வேர்தான். பித்ரு அங்கே ஃபாதர் ஆனதுபோலப் பகரம் மாறிவிட்டது.

பெயர்ச்சொல்லால் ஆபத்து இல்லை. ஆபத்து வினைச்சொல்லில் இருக்கிறது. கட்டி 'பழுக்கிறது' என்கிறோம். புண் 'அழுகுகிறது' என்றும் சொல்கிறோம். இரண்டிலும் வெளியே வருவது சீழ்தான். ஆனால் பழுப்பது மாம்பழத்தின் வேலை. பொறுத்திருந்தால் நல்லது நடக்கும் என்று அந்தச் சொல்லே நமக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. அழுகல் என்றால் யாரும் பொறுத்திருக்க மாட்டோம்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. சுஸ்ருத சம்ஹிதை வீக்கத்தை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது: ஆமம், பச்யமானம், பக்வம். அதாவது காய், செங்காய், பழம். நாம் சமையலுக்கும் வயதுக்கும் சொல்லும் பக்குவம் இந்தப் பக்வம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காயாக இருக்கும்போதே அறுப்பவனையும், பழுத்த பிறகும் அறுக்காமல் விடுபவனையும் சுஸ்ருதர் ஒரே தட்டில் வைத்துத் திட்டுகிறார். பழுத்ததா என்று அவர் பார்த்தது கத்தி எடுக்கும் நேரத்தை அறிவதற்காக. தானாக உடையட்டும் என்று உட்கார்ந்திருப்பதற்காக இல்லை. நம் வீடுகளில் பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

கிரேக்க மருத்துவர்களிடம் எதுகைபோல இரண்டு சொற்கள் இருந்தன: பெப்ஸிஸ், செப்ஸிஸ். பெப்ஸிஸ் என்றால் சமைதல், செரித்தல், பழுத்தல். நம் பக்குவமும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. (பெப்சி குளிர்பானத்தின் பெயரும் அஜீரணத்தைக் குறிக்கும் 'டிஸ்பெப்சியா'விலிருந்து வந்ததுதான். பக்குவமும் பெப்சியும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று வகுப்பில் சொன்னால் ஒருவனும் நம்பியிருக்க மாட்டான்.) செப்ஸிஸ் என்றால் அழுகல். வெள்ளையாக, ஒரே சீராக, நாற்றம் குறைவாக வரும் சீழ் நல்ல சீழ் என்று ஹிப்போகிராட்டிஸ் வழி வந்தவர்கள் எழுதி வைத்தார்கள்.

அந்த 'நல்ல சீழ்' என்ற சொல் ஐரோப்பாவை எவ்வளவு காலம் ஆட்டி வைத்தது தெரியுமா? பிற்காலத்து மருத்துவர்கள் அதற்குப் 'போற்றத்தக்க சீழ்' என்றே பெயர் வைத்தார்கள். சீழ் வந்தால்தான் புண் ஆறும் என்று நம்பி, அது வருவதற்காகவே காயத்துக்குள் மருந்தைத் திணித்துக் கட்டினார்கள். 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் தியோடரிக் என்ற ஆயர், சீழ் வரவே தேவையில்லை, காயத்தைத் திராட்சை மதுவால் கழுவி மூடுங்கள் என்றார். பிரான்சில் 1300ஐ ஒட்டி ஹென்றி தெ மாண்டவில் அதையே சொன்னார். பெரும்பாலோர் கேட்கவில்லை. ஐநூறு வருடத்துக்கு மேல்!

வியன்னாவில் 1847இல் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வரும் மாணவர்களின் கையில்தான் மரணம் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று கண்டுபிடித்தார். நம் பக்கத்தில் 'பிரசவ ஜன்னி' என்பார்களே, அந்தக் காய்ச்சல். அந்த ஏப்ரலில் 100 தாய்மாருக்கு 18 பேர் இறந்தார்கள். ப்ளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் கை கழுவச் செய்ததும் சில மாதங்களில் அது இரண்டை ஒட்டி இறங்கியது. ஆனால் பெரிய மருத்துவர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. கடைசியில் மனநல விடுதி ஒன்றில், புண் சீழ்பிடித்து, 1865 ஆகஸ்ட் 13ஆம் தேதி இறந்தார்.

அதற்கு முந்தின நாள், ஆகஸ்ட் 12, கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர், வண்டி ஏறிக் கால் எலும்பு முறிந்து தோலும் கிழிந்த 11 வயதுப் பையனின் காயத்தில் கார்பாலிக் அமிலம் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட காலை வெட்டுவதுதான் வழக்கம். ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. கார்பாலிக் அவருக்கு எப்படித் தோன்றியது என்றால், கார்லைல் என்ற ஊரில் சாக்கடை நாற்றத்தைப் போக்க அதை ஊற்றுகிறார்கள் என்று படித்திருந்தார். சாக்கடையில் நடப்பதும் புண்ணில் நடப்பதும் ஒரே அழுகல்தான் என்று அவருக்குப் புரிந்தது. தன் முறைக்கு 'ஆன்டிசெப்டிக்' என்று பெயர் சொன்னார்: அழுகலுக்கு எதிரானது. பிறகு 1895இல் எக்ஸிடர் நகரில் டொனால்டு கேமரூன் என்பவர் கழிவைத் தொட்டிக்குள் தானாக அழுக விட்டு அதற்குச் செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்தார். அழுகல் அங்கே நமக்கு வேலைக்காரன்.

தம்பி, உன் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். வலி பற்றி இன்னும் கொஞ்சம். ரோமாபுரியின் செல்சஸ் 1ஆம் நூற்றாண்டிலேயே நான்கு அடையாளம் எழுதினார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. நாம் கஞ்சி ஆறுவதுபோலப் புண்ணும் 'ஆறுகிறது' என்கிறோம். ஆனால் சர்க்கரை நாள்பட்டவர்கள் பலருக்குப் பாதத்தின் நரம்பு மரத்துப்போகும். நான்காவது அடையாளம் வராமலே போகலாம்.

இனி உறவினர்களுக்கு. அப்பாவின் கால் விஷயம். 1994. தோட்டத்தில் முள் குத்திய புண். அப்பா பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார் என்றுதான் உங்கள் எல்லோருக்கும் தெரியும். துக்கம் கேட்க வந்தவர்களிடம் நான்தான் அப்படிச் சொன்னேன். உண்மை அது இல்லை. மூன்றாம் நாளே அப்பா, "காட்டிட்டு வந்துடலாமாம்மா?" என்று கேட்டார். "இன்னும் பழுக்கலப்பா, வலிகூட இல்லையே, ரெண்டு நாள் பார்ப்போம்" என்று சொன்னது நான். சின்ன வெங்காயத்தைச் சுட்டு மஞ்சள் வைத்து ஒன்பது நாள் கட்டியதும் நான்தான். பள்ளியில் பரீட்சை நேரம். லீவு போடவும் எனக்கு மனமில்லை. லிஸ்டர் பெயரைக் கரும்பலகையில் எழுதிய அதே கைதான் அந்தக் கட்டையும் போட்டது. பத்தாம் நாள் விரல் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதன் பிறகு அப்பா பதினான்கு மாதம் இருந்தார். ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. வந்தவர்களிடம் தானும், "நான்தான் வரமாட்டேன்னு சொன்னேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்தி, அண்ணா, உங்களிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த மாணவனுக்கு அன்றே கீறிச் சீழை எடுத்துவிட்டார்கள். எலும்புக்குப் போகவில்லையாம். ஊசி போட்டு, சர்க்கரைக்கு மாத்திரையும் மாற்றியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மறுபடி கட்டுப் பிரிக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன்.