ஹார்டி கையில் கிடைத்த புத்தகம்

காலேஜ்ல எலெக்டிவ் எடுக்கும்போது நான் பார்த்தது ஒண்ணுதான்: எதுல மார்க் ஈஸி? கிராஃப் தியரியை விட்டேன்; இன்னிக்கு வேலைக்காக அதையே ராத்திரி உட்கார்ந்து படிக்கிறேன்.

ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டி, 1896-ல் அங்கே மாணவர். டிரைபாஸ் தேர்வில் ரேங்க்தான் எல்லாமே. அதுக்கான கோச்சிங் வெறுத்துப்போய், வரலாறு படிக்கப் போயிடலாமான்னு யோசித்தார். லவ் என்ற ஆசிரியர், ஜோர்டான் எழுதிய பகுப்பாய்வு நூலைப் படிக்கச் சொன்னார். கணிதம்னா என்னன்னு அதில்தான் புரிந்தது என்கிறார் ஹார்டி. 1898-ல் அவருக்கு நான்காம் ரேங்க். பிற்பாடு அந்த ரேங்க் முறையையே எதிர்த்தார். 1909-ஓட அது முடிந்தது.

பாடம் தேர்ந்தெடுக்கும்போது சீனியர்கிட்ட ‘மார்க் வருமா?’ன்னு கேளுங்க, தப்பில்லை. ‘எந்தப் புத்தகம்?’னும் சேர்த்துக் கேளுங்க.