மான்சூன்: பெய்து ஓய்ந்த ஒரு சிறுமழை

எழுபதுகளின் இறுதியில் பங்க் இசையின் ஆரவாரம் அடங்கியபோது, இங்கிலாந்தில் 'புதிய அலை' என்னும் பெயரில் எண்ணற்ற இசைக்குழுக்கள் தோன்றின. அவற்றுள் பல தோன்றிய வேகத்திலேயே மறைந்தன. 1981இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டு, 1982இல் கலைந்துபோன மான்சூன் குழுவும் அவற்றுள் ஒன்று. எனினும், ஒரே ஒரு வெற்றிப் பாடலைத் தந்த குழு என்று அதனை ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

இசையமைப்பாளரும் தயாரிப்பாளருமான ஸ்டீவ் கோ, கிதார்க் கலைஞர் மார்ட்டின் ஸ்மித், பாடகி ஷீலா சந்திரா ஆகிய மூவரே குழுவின் அச்சாணி. 1965இல் பிறந்த ஷீலா, இந்திய வழிவந்த குடும்பத்துப் பெண், பி.பி.சி.யின் 'கிரேஞ்ச் ஹில்' என்னும் பள்ளித் தொடரில் நடித்துப் பலரும் அறிந்த முகம். ஸ்டீவ் கோ தொடங்கிய 'இண்டிபாப்' என்னும் சிறு நிறுவனமே குழுவின் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அதன் பயனாக ஃபோனோகிராம் என்னும் பெருநிறுவனத்தின் ஒப்பந்தம் கிட்டியது.

1982இல் வெளிவந்த 'எவர் ஸோ லோன்லி' பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடத்தை எட்டியது. மேலை இசையில் சிதார் ஒலிப்பது அன்று புதிதன்று. 1965இலேயே ஜார்ஜ் ஹாரிசன் பீட்டில்ஸ் பாடலொன்றில் அதனை வாசித்துவிட்டார். ஆனால், அத்தகைய பாடல்கள் பலவற்றில் சிதார் ஓர் அணிகலன்; கழற்றிவிட்டாலும் பாடல் நிற்கும். மான்சூனின் பாடலோ நிலைத்த சுருதியின்மேல் எழுந்து நிற்பது. மேலை இசைக்கு இன்றியமையாத சுரக்கூட்டு மாற்றங்களை நாடாமல், நம் இசை போன்று ஒற்றை ஆதாரத்தைச் சுற்றியே மெட்டு வளைந்து செல்கிறது. சுருதி கேட்டு வளர்ந்த செவி இவ்வேறுபாட்டை எளிதில் உணரும். பாடுபவளும் அயலாள் அல்லள், அப்பண்பாட்டின் வழித்தோன்றலே.

அடுத்து வந்த 'சக்தி' 41ஆம் இடத்தோடு நின்றது. இசை எத்திசையில் செல்லவேண்டும் என்பது குறித்து நிறுவனத்துக்கும் குழுவுக்கும் பிணக்கு முற்றியது. வணிகம் ஒரு புதுமையை வரவேற்கும். அப்புதுமை தன் போக்கில் வளர்வதை அத்துணை எளிதில் பொறுக்காது. குழு கலைந்தது. அதன் ஒரே தொகுப்பான 'தேர்ட் ஐ' 1983இல்தான் வெளிவந்தது; தன் தொகுப்பு கடைக்கு வருமுன்பே குழு இல்லாமற்போனதை என்னென்பது!

ஷீலா மீண்டும் இண்டிபாப்பின் துணையுடன் தனித்தொகுப்புகள் வெளியிட்டார். படிப்படியாகக் கருவிகளின் கூட்டம் குறைந்தது. குரலும் சுருதியுமே எஞ்சின. 1992இல் ரியல் வேர்ல்ட் நிறுவனம் வெளியிட்ட 'வீவிங் மை ஆன்செஸ்டர்ஸ் வாய்சஸ்' தொகுப்பில் கொன்னக்கோல் இடம்பெற்றது. தமிழகத்துக் கச்சேரி மேடைகளில் மிருதங்கச் சொற்களை வாயாற் சொல்லும் அக்கலை, இங்கு ஒரு பெண்ணின் தனிக்குரலாக வேகமெடுத்து, இடையிடையே ஆங்கிலப் பேச்சொலிகளாகவும் சிதறுகிறது. லயம் தெரிந்தோர் இதனை ஏற்கத் தயங்கலாம். ஆயினும், மான்சூன் தேடிய வழி இங்குத்தான் முழுமை பெற்றது எனலாம்.

2002இல் ஜகாட்டா என்னும் பெயரில் இயங்கிய இசைக்கலைஞர் 'எவர் ஸோ லோன்லி' பாடலை மறுவடிவில் தந்தபோது, அது 8ஆம் இடத்தை அடைந்தது. மூலப் பாடலைவிட நான்கு படி மேல். பின்னர் வாயெரிச்சல் நோய்க்கு ஆளான ஷீலா, பாடுவதை முற்றிலும் கைவிட நேர்ந்தது.