அறிவியல் மக்களிடம் போய்ச் சேர்ந்ததா? அளப்பது எப்படி? பாப்பாரப்பட்டியிலிருந்து ஒரு விளக்கம்

தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, 1925 ஜூலை 23-ல் சுப்பிரமணிய சிவா மறைந்த ஊர் என்பதுதான். இதே ஊரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மை அறிவியல் நிலையமும் இருக்கிறது. ஆய்வுப் பண்ணையில் கண்டுபிடித்த ரகத்தையும் முறையையும் மாவட்டத்து விவசாயியின் நிலத்துக்குக் கொண்டுபோவது அதன் வேலை. நாட்டில் இப்படி 700-க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. முதலாவது 1974-ல் புதுச்சேரியில், இதே பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கியது.

கொண்டுபோகிறார்கள், சரி. போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அறிவியலுக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவை அளக்க உலகம் முழுக்கப் பல முறைகளைக் கையாள்கிறார்கள். அதில் சில பாப்பாரப்பட்டி மாதிரி ஊருக்குப் பொருந்தும், சில பொருந்தாது.

கேள்வி கேட்டு மார்க் போடும் முறை

பழைய முறை, வினாடி வினா. பூமி சூரியனைச் சுற்றுகிறதா, சூரியன் பூமியைச் சுற்றுகிறதா? ஆன்டிபயாடிக் மாத்திரை பாக்டீரியாவை மட்டுமின்றி வைரஸையும் கொல்லுமா? 1980-களின் கடைசியிலிருந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இப்படிக் கேட்டு, சரியான விடைகளை எண்ணி, அந்த நாட்டு மக்களின் அறிவியல் அறிவு இவ்வளவு என்றார்கள்.

இந்தியாவில் 1989 கும்பமேளாவில் அலகாபாத்துக்கு வந்தவர்களிடம் டெல்லியிலிருந்த நிஸ்டாட்ஸ் ஆய்வு நிறுவனத்தின் கௌஹர் ரஸா குழு இதே போன்ற ஆய்வை நடத்தியது. ஆனால் வெறும் மார்க்கோடு அவர்கள் நிற்கவில்லை. ஒரு அறிவியல் கருத்தைப் பாதிப் பேராவது சரியாகச் சொல்ல எத்தனை வருடப் படிப்பு தேவைப்படுகிறது என்று பார்த்தார்கள். அன்றாட வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருக்கும் கருத்துக்குக் குறைந்த படிப்பு போதும், தள்ளியிருக்கும் கருத்துக்கு அதிகம் வேண்டும். இதற்குக் ‘கலாசார தூரம்’ என்று பெயர் வைத்தார்கள். மக்களை மக்கு என்று சொல்லாமல், கருத்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளந்தது இதன் சிறப்பு.

அடுத்த முறை, நம்பிக்கையை அளப்பது. பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை 2018-ல் 140-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 1.4 லட்சம் பேரிடம் கேட்டது. விஞ்ஞானிகள் மேல் அதிக நம்பிக்கை உள்ளவர்கள் 18%, நடுத்தர நம்பிக்கை உள்ளவர்கள் 54% என்று வந்தது. உலக வரைபடம் போட இது உதவும். பாப்பாரப்பட்டியில் ராகி விதைக்கிறவருக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

வயலில் இரண்டு இடைவெளி

வேளாண்மை அறிவியல் நிலையங்கள் பயன்படுத்தும் அளவுகோல் வேறு. புதிய ரகத்தை ஒரு விவசாயியின் நிலத்திலேயே, விஞ்ஞானிகளின் மேற்பார்வையில் பயிர் செய்து காட்டுவார்கள். இதற்கு ‘முதல்நிலை செயல்விளக்கத் திடல்’ என்று பெயர். அறுவடையின்போது மூன்று எண்களை எடுக்கிறார்கள்.

ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். ஒரு ராகி ரகம் ஹெக்டேருக்கு 3,000 கிலோ வரை விளையும் என்று ஆய்வுப் பண்ணை சொல்கிறது. செயல்விளக்கத் திடலில் 2,400 கிலோ வருகிறது. பக்கத்து விவசாயி தன் வழக்கப்படி செய்ததில் 1,700 கிலோ.

3,000-க்கும் 2,400-க்கும் நடுவில் உள்ள 600 கிலோ ‘தொழில்நுட்ப இடைவெளி’. விஞ்ஞானி பக்கத்தில் இருந்தும் ஏன் முழுசா விளையல? மண், மழை, ரகம் இந்த ஊருக்கு ஒத்துப்போகாதது என்று காரணம் இருக்கும். இங்கே பதில் சொல்ல வேண்டியது ஆய்வுக்கூடம். 2,400-க்கும் 1,700-க்கும் நடுவில் உள்ள 700 கிலோ ‘விரிவாக்க இடைவெளி’. முறை இருக்கிறது, பக்கத்து வயலுக்கு வரவில்லை. இதற்குப் பதில் சொல்ல வேண்டியது கொண்டுபோய்ச் சேர்க்கும் அமைப்பு. 600-ஐ 3,000-ஆல் வகுத்தால் 20%. இதைத் ‘தொழில்நுட்பக் குறியீடு’ என்கிறார்கள். குறைய குறைய நல்லது.

வினாடி வினாவில் தப்பான விடைக்குப் பொறுப்பு எப்போதும் மக்கள்தான். இந்தக் கணக்கில் அறிவியலும் மார்க் வாங்கியாக வேண்டும்.

இதிலும் ஓட்டை உண்டு

செயல்விளக்கத் திடலுக்கு விதையும் இடுபொருளும் பெரும்பாலும் திட்டத்திலிருந்தே வரும். அதிகாரி அடிக்கடி வந்து பார்ப்பார். ரோட்டோரம், கிணற்றில் தண்ணீர் உள்ள, ஏற்கனவே விவரமான விவசாயியின் நிலமாகத் தேர்ந்தெடுத்தால் விளைச்சல் தானாகவே அழகாகத் தெரியும். மானாவாரியில் சாமை போடுகிறவரின் நிலைமையை அந்த எண் சொல்லாது.

அதைவிட மோசமான அளவுகோல், பயிற்சிகளின் எண்ணிக்கை. எத்தனை பயிற்சி, எத்தனை பேர் கையெழுத்து என்பது எண்ணுவதற்குச் சுலபம், அதனால்தான் எல்லா அறிக்கையிலும் அது முதலில் வருகிறது. கையெழுத்துப் போட்டவர் பட்டா வைத்திருக்கும் ஆண், நாற்று நடுவதும் களை எடுப்பதும் வீட்டுப் பெண்கள் என்றால், பயிற்சி போய்ச் சேர வேண்டிய கைக்குப் போகவே இல்லை.

உண்மையில் பார்க்க வேண்டியது மூன்றாவது வருடம். இலவச விதை நின்றபிறகு, அதே விவசாயி சொந்தக் காசில் அதே ரகத்தை விதைக்கிறாரா? பக்கத்து நிலத்துக்காரர் அவரிடம் விதை கேட்டு வாங்கினாரா? விட்டுவிட்டார் என்றால் ஏன்? கூலி கட்டுப்படியாகல, தட்டு மாட்டுக்குப் போதல, களியா கிண்டினா ருசி வரல என்று எந்தப் பதில் வந்தாலும் அது ஆராய்ச்சிக்கான தகவல். நிலையங்களுக்கு விவசாயிகளும் உறுப்பினராக இருக்கும் அறிவியல் ஆலோசனைக் குழு இருக்கிறது. விவசாயி சொன்ன எத்தனை பிரச்சினை அடுத்த வருடம் வயல்வெளி ஆய்வாக மாறியது என்று எண்ணினால், உறவு இரண்டு பக்கமும் ஓடுகிறதா என்பது தெரிந்துவிடும்.

தெரிந்தும் குடிக்கிற தண்ணீர்

வயலை விட்டுக் குடிநீருக்கு வந்தால் விஷயம் இன்னும் கனமானது. தருமபுரி மாவட்டத்தின் பாறை நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் குழந்தைகளின் பற்களில் வெள்ளைத் திட்டும் காவிக் கறையும் வரும். அளவு மிக அதிகமானால் பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் விறைக்கும். நிறம், வாசனை எதிலும் இது தெரியாது. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகி ஃப்ளோரைடு தங்குவதால் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

‘கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகுமா?’ என்று இங்கே ஒரு வினாடி வினா வைக்கலாம். ‘போகாதுங்க’ என்று சரியாகச் சொல்கிற அம்மா, வீட்டில் வேறு குழாய் இல்லாவிட்டால் அதே ஆழ்குழாய்த் தண்ணீரைத்தான் குடத்தில் பிடிப்பார். மார்க் முழுசா கிடைக்கும், பல்லில் கறையும் இருக்கும்.

இதற்காகத்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நிதியுதவியோடு சுமார் ரூ.1,928 கோடியில் உருவாகி 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. குழாய் போட்ட வீடுகளின் எண்ணிக்கை இங்கேயும் பாதி அளவுதான். காவிரித் தண்ணீரையும் ஆழ்குழாய்த் தண்ணீரையும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் கலந்தால் ஃப்ளோரைடு மறுபடி ஏறும். தொட்டியில் மட்டுமில்லாமல் கடைசி வீட்டுக் குழாயிலும் தண்ணீர் பிடித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு அளவுகோல் குழந்தைகளின் வாயிலேயே இருக்கிறது. நிலைப்பல்லின் எனாமல் ஈறுக்குள் உருவாகும் காலத்தில், அதாவது ஏறக்குறைய 8 வயது வரை குடித்த தண்ணீர்தான் கறையைத் தீர்மானிக்கிறது. பல் முழுதாக உருவான பிறகு ஃப்ளோரைடு இதைச் செய்யாது, வந்த கறை தண்ணீரை மாற்றியும் போகாது. அமெரிக்க மருத்துவர் டீன் உருவாக்கிய ஆறு படி அளவுகோலில் பல்லைப் பார்த்தே படி சொல்லலாம். 2013-க்குப் பிறகு பிறந்து, இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளையின் முன்பல்லையும், அதற்கு முன் பிறந்து அதே வீட்டில் வளர்ந்த அண்ணன் அக்காவின் பல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த வீட்டுக் குடத்தில் தண்ணீர் நிஜமாகவே மாறியதா என்பது தெரியும்.