ஒரு லட்ச ரூபாய் ராட்டை

கோலசிலாங்கூர் தோட்டங்களில் நம் பாட்டிமார் பால்மரம் சீவிக்கொண்டிருந்த அதே 1920களில், அவர்கள் விட்டு வந்த தமிழகக் கிராமங்களில் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தது. 1924 பெல்காம் மாநாட்டில், மாதம் 2,000 கெஜம் நூல்தான் காங்கிரஸ் உறுப்பினர் சந்தா என்று முடிவானது. நூற்க மனமில்லாதவர் பிறர் நூற்றதைக் கொடுக்கலாம்! மறு ஆண்டே நாலணாவும் போதும் என்றாகிவிட்டது. இதில் வியப்பென்ன?

நேயர்களே, குடிசையில் நூற்ற பெண்ணுக்கோ அது அரசியல் அல்ல, கூலி. ஒற்றைக் கதிர் ராட்டையில் நாளெல்லாம் உட்கார்ந்தாலும் கையில் விழுந்தது ஓரிரு அணா. அதனால்தான் 1929இல் அகில இந்திய நூற்போர் சங்கம் போட்டி வைத்தது. ஒரு பெண் எட்டு மணி நேரம் களைப்பின்றி இயக்கக்கூடிய ராட்டை வேண்டும். விலை 150 ரூபாயைத் தாண்டக்கூடாது. 20 ஆண்டு உழைக்க வேண்டும். பரிசு ஒரு லட்சம். யாரும் வெல்லவில்லை.

விடை, காந்தி மறைந்தபின் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தது. ஏகாம்பரநாதன் என்பவர் ஆலை இயந்திரத்தின் உருளைகளைச் சிறிதாக்கி, பல கதிர்களைக் கையாலேயே சுற்ற வைத்தார். அவர் பெயரிலிருந்துதான் ‘அம்பர் சர்க்கா’ வந்தது. இந்திய அரசு 1950களில் அதை ஊர் ஊராகக் கொண்டு சென்றது. லட்ச ரூபாய்ப் போட்டியின் கெடுவோ 1930லேயே முடிந்திருந்தது.