ஆற்றுப் பொன்னும் ஆரூர்ப் பொன்னும்

கொசத்தலையாற்றை அடுத்த பள்ளிப்பட்டில் அடியேன் பெரியபுராணம் சொல்லி வருங்கால், சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருமுதுகுன்றத்திற் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றிலிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த வரலாறு வந்தது. கேட்டிருந்த இளைஞரொருவர், "ஐயா, ஆற்று மணலை அரித்துப் பொன்னெடுக்கும் வழக்கம் உண்டன்றோ? சுவாமிகள் செய்ததும் அதுவே ஆகலாகாதோ?" என வினவினர். இவ்வினா இகழ்தற்குரியதன்று. ஆற்றுப் பொன் உண்மையாதலின், முதற்கண் அதன் வரலாற்றை நோக்குவாம்.

மலைப்பாறைகளில் வெண்கல் இழைகளினூடே பொன் கலந்து கிடக்கும். மழையும் வெயிலும் பாறையைச் சிதைக்க, பொற்றுகள் நீரோடிறங்கி, ஓட்டந் தளருமிடத்து மணலிற் படியும். பொன் ஒத்த அளவுள்ள நீரினும் 19 மடங்கு எடையுடையது. மணலோ இரண்டரை மடங்கிற்குச் சிறிதே மிக்கது. ஆகவே மரவையில் மணலும் நீரும் பெய்து சுழற்ற, மணல் விளிம்பு கடந்து போம்; பொன்னும் கருமணலும் அடியில் தங்கும். பின்னர் இரசங்கூட்டித் துகளைத் திரட்டி, நெருப்பிலிட்டு இரசத்தைப் போக்குவதுமுண்டு. அப்புகை உயிர்க்கு நஞ்சாம்.

சிலப்பதிகாரம் கூறும் நால்வகைப் பொன்னுள் ஒன்று சாம்பூநதம். அது சம்பு நதியிற் பிறந்ததெனப் பொருள்படும். பொன்னை ஆற்றோடு இயைத்தெண்ணிய வழக்குப் பழமைத்தென்பது இதனாற் பெறப்படும்.

பள்ளிப்பட்டுக்கு மேற்கே, கோலார்ப் பகுதியில், 1802-இல் லெப்டினன்ட் ஜான் வாரன் என்பார் மைசூர் எல்லையை அளந்து வந்தனர். ஆண்டுப் பொன்னுண்டெனக் கேள்வியுற்று, காட்டுவோர்க்குப் பரிசளிப்பதாக அறிவித்தனர். ஊரார் வண்டியில் மண் கொணர்ந்து, அவர் கண்முன்னே அரித்துப் பொற்றுகள் காட்டினர். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தபின் சுரங்கங்கள் மிக ஆழ்ந்தன. வடஆர்க்காட்டுத் தமிழர் பலர் சென்று அவற்றுள் உழைத்தனர். 2001-இல் அவை மூடப்பட்டன. கண்டறிந்த புகழ் அளவையாளர்க்கும் கம்பெனியார்க்கும் ஆயினும், அம்மண்ணை முன்னரே அறிந்திருந்தோர் ஊராரே என்பது மறக்கற்பாலதன்று.

நீலகிரியின் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளிலும் இவ்வாறே. ஆங்குப் பணியரும் குறும்பரும் அரித்து வந்த பொன்னைக் கேட்டு, 1880-ஐ ஒட்டி இலண்டனிற் கம்பெனிகள் பல தோன்றிச் சில ஆண்டுகளிற் சாய்ந்தன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் இந்நாளிற் பலர் அரசினரிடம் உரிமைச்சீட்டுப் பெற்று, விடுமுறை நாளிற் பொழுதுபோக்காக மணலரிக்கின்றனர். நம் நாட்டிலோ அது வறியோர் வயிற்றுப் பிழைப்பு. பகல் முழுதும் நீரில் நின்றாலும் எய்துவன சில துகள்களே.

இனி வினாவிற்கு விடை கூறுவாம். சேக்கிழார் சுவாமிகள் கூறும் தொகை 12,000 பொன். அஃது ஆற்றில் அரித்தெடுத்ததன்று; கையிற் பெற்றதனையே ஆற்றிலிட்டது. மணிமுத்தாறு வெள்ளாற்றோடு கூடிக் கடல் சேர்வது. திருவாரூரோ காவிரி பாயும் நாடு. நீரோட்டத்தால் ஒன்றன் பொன் மற்றொன்றிற் புகுதற்கு நெறியில்லை. "ஆற்றிற் போட்டுக் குளத்தில் தேடுவது" என உலகோர் நகைப்பதும் இதுபற்றியே.

அன்றியும், சுவாமிகள் பொன்னை ஆற்றிலிடுமுன் மச்சம் வெட்டி வைத்துக்கொண்டனர். மச்சமாவது மாற்றறிதற்கு வைக்கும் மாதிரிப் பொன். குளத்தில் எடுத்ததனை அதனோடு உரைத்துப் பார்க்க, மாற்றுக் குறைந்தது. பதிகம் பாடியபின் ஒத்தது. இட்ட பொன்னே மீளுமென்னும் துணிவுடையாரே மச்சம் வைப்பர். அரிப்போர்க்கோ இன்ன மாற்றுடைய பொன் கிட்டுமென்னும் உறுதி முன்னர் இல்லை. வெள்ளி முதலியன கலத்தலால் ஆற்றுப் பொன்னின் மாற்று இடந்தோறும் வேறுபடும். ஆதலால் மச்சம் ஒன்றே இவ்வையத்தை அறுக்கும்.

அருட்செயலை மணலரிப்பாகக் குறுக்குதலும் வழு. மணலரிப்போர் நுண்ணறிவை நூலோர் பேசாது விடுதலும் வழு. இவ்விரண்டனையும் அவ்வவற்றிற்குரிய இடத்தில் வைத்துணர்வதே கற்றோர் கடன் என்க.