விசுவாசத்துக்கு ஒப்பந்தத்தில் இடம் உண்டா?

ஈசூனில் புளோக் பக்கத்துக் கூடைப்பந்துத் திடலில் கொஞ்ச நேரம் நில்லுங்க. லூக்கா டோன்சிச்சின் 77ஆம் எண் லேக்கர்ஸ் ஜெர்சி கண்ணில் படலாம்.

2025 பிப்ரவரி தொடக்கம்வரை அவர் டாலஸ் அணியின் முகம். ஒரே இரவில் லேக்கர்ஸுக்கு மாற்றப்பட்டார். அவரது சம்மதம் தேவைப்படவில்லை. என்பிஏவில் வீரரின் ஒப்பந்தத்தை அணி இன்னோர் அணிக்குக் கைமாற்றலாம். 'என்னைக் கேட்காமல் மாற்றக்கூடாது' என்ற நிபந்தனையைப் பேரம் பேசவே லீக்கில் 8 சீசன், அதே அணியில் 4 சீசன் ஆடியிருக்க வேண்டும். டோன்சிச்சுக்கு அது 7வது சீசன்.

பண விஷயத்திலும் அடிதான். 'சூப்பர்மேக்ஸ்' எனும் மிகப் பெரிய ஒப்பந்தத்தைப் பொதுவாக, ஆரம்பத்திலிருந்து ஆடிய அணிதான் தர முடியும். விசுவாசத்துக்குப் பரிசு மாதிரி. ஆனா தருவதா வேண்டாமா என்பது முதலாளி முடிவு. டாலஸைவிட்டுப் போனதும் அந்த வாய்ப்பும் போச்சு.

நம்மூர் ஸ்லிங்கர்ஸ் அணியும் ஒரு கைமாற்றத்தில் பிறந்ததுதான். ஆஸ்திரேலியாவின் நியூகாசலில் இருந்த ஹண்டர் பைரேட்ஸ் அணியின் லீக் உரிமம் 2006ல் சிங்கப்பூர் வந்தது. நாம கைதட்டினோம், நியூகாசல் ரசிகர்கள் அணியை இழந்தார்கள். 2008ல் ஸ்லிங்கர்ஸும் அந்த ஆஸ்திரேலிய லீக்கிலிருந்து விலகியது.